பெயர்களை மூடி வையுங்கள், காரணங்களைப் பேசுங்கள்

கேள்வி: யாழ்ப்பாண மாவட்டத்தில் வலிகாமம் மேற்கிலுள்ள ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளரும் நான்தான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் ஊரின் கடற்கரைப் பக்கமும், கோயில் காணியை ஒட்டிய குடியிருப்பும் மிகவும் நொடிந்துபோயிருக்கின்றன. காலை உணவில்லாமல் வரும் பிள்ளைகளை வகுப்பில் நாள்தோறும் பார்க்கிறேன். இதை ஊருக்கு உணர்த்த ஒரு கூட்டம் வைக்க விரும்பினேன். நிலையத்தின் மூத்தவர்களோ, “எங்கள் ஊரில் பட்டினி கிடக்கிறவர் எவருமில்லை, ஊரின் பெயரைக் கெடுக்க வேண்டாம்” என்கிறார்கள். கனடாவிலுள்ள உறவினர் ஒருவர், “கஷ்டப்படும் நான்கைந்து குடும்பங்களை வீடியோ எடுத்து அனுப்புங்கள், ஒரே வாரத்தில் காசு சேர்த்துத் தருகிறேன்” என்கிறார். ஒரு தாய் அதற்குச் சம்மதித்தும் விட்டார். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

– ஆசிரியை, வலிகாமம் மேற்கு

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அவசரமானது அந்த வீடியோ. அதை எடுக்க வேண்டாம். எடுத்திருந்தால் அனுப்ப வேண்டாம்.

அந்தத் தாய் சம்மதித்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு அரிசி வாங்க வழியில்லாத ஒருவரிடம், “அழுதுகொண்டு பேசினால் காசு வரும்” என்று சொன்னால் அவர் வேறு என்ன சொல்வார்? பசி கொடுத்த சம்மதம் அது. அவருடைய மகளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் வந்து உட்காரும்போது, பக்கத்து வாங்கிலிருக்கும் பிள்ளை தன் வீட்டுக் கைபேசியில் அவளுடைய அடுப்படியையும் கிழிந்த பாயையும் பார்த்துவிட்டு வந்திருக்கும். அவளுக்கு இருபது வயதாகி, வேலைக்கு விண்ணப்பித்து, கல்யாணப் பேச்சு நடக்கும்போதும் அந்தக் காட்சி எங்காவது ஒரு கைபேசியில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் இப்படி எடுக்கப்பட்ட வீடியோக்கள் அண்மைய ஆண்டுகளில் நிறையப் பரவிவிட்டன. அவற்றில் வரும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். ஓர் உலர் உணவுப் பொதியும் ஒரு துவிச்சக்கர வண்டியும் வந்திருக்கும். கடன் அப்படியே இருக்கும். அயலவர்கள், “எங்களுக்கும் கஷ்டம்தான், எங்களை ஏன் எடுக்கவில்லை?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். உருக்கமாகப் பேசத் தெரிந்தவருக்கு உதவி கிடைக்கிறது. வாய் திறக்கக் கூசும் குடும்பத்துக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை. அந்தக் கூச்சமுள்ள குடும்பம்தான் பெரும்பாலும் அதிக ஆபத்தில் இருக்கிறது.

அந்தத் தாயிடம் நீங்களே போய், வீடியோ வேண்டாம், உதவி நிற்காது என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். இல்லாவிட்டால், வந்த வாய்ப்பை நீங்கள் தடுத்துவிட்டதாக அவர் நினைப்பார்.

கனடாவிலுள்ள உறவினரிடம் கோபப்பட வேண்டாம். அவருக்குக் காசு சேர்க்கும் மனம் இருக்கிறது. நம்பிக்கைக்கு ஓர் ஆதாரத்தைத்தான் கேட்கிறார். முகங்களுக்குப் பதிலாகக் கணக்கைக் கொடுங்கள். இந்த மாதம் எத்தனை குடும்பங்கள், எதற்காக, எவ்வளவு, யார் யார் கையெழுத்திட்டார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, நிலையத்தின் முத்திரையோடு மாதந்தோறும் அனுப்புவதாகச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பலாம், பிள்ளையைப் படமெடுக்கத் தேவையில்லை. ஒரே வாரத்தில் பெரிய தொகை சேராமல் போகக்கூடும். ஆனால் ஒழுங்கான கணக்குக்குக் காசு அனுப்புகிறவர்கள் அடுத்த ஆண்டும் அனுப்புவார்கள்.

இனி உங்கள் மூத்தவர்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நம் ஊர்களில் வறுமை வேலிக்கு உள்ளேயே இருக்கும். வெளியே தெரிவது வெள்ளையடித்த கல்வீடு. இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் 50,000 வீட்டுத் திட்டம் நடந்தபோது ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. நிறையக் குடும்பங்களுக்கு அந்தத் தொகைக்குள் வீட்டை முடிக்க இயலவில்லை. தாலிக்கொடியை அடைவு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். இன்று வீடு நிற்கிறது, அதன் கடனும் நிற்கிறது. தெருவால் போகிற பெரியவருக்கு வீடு மட்டும் தெரிகிறது. கடைக்காரரின் கொப்பியில் ஏறியிருக்கும் கணக்கு, வங்கியில் மீட்கப்படாமல் ஏலத்துக்குப் போன சங்கிலி, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தாய் குடிக்கும் வெறும் தேநீர் ஆகியவை அவருக்குத் தெரிய வழியில்லை. நாடு முழுவதற்குமான 2019 கணக்கெடுப்பில், புதிய அளவுகோலின்படி 14.3 வீதமானோர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தார்கள். அது நெருக்கடிக்கு முந்திய நிலை. 2022 க்குப் பிறகு நாட்டில் நான்கில் ஒருவர் அந்த நிலைக்கு வந்துவிட்டதாக உலக வங்கி மதிப்பிட்டது. உங்கள் ஊர் மட்டும் அதற்கு வெளியே இருக்க முடியாது.

ஆனாலும் இந்த எண்களைக் கொண்டுபோய் மூத்தவர்களோடு வாதாட வேண்டாம். “எங்கள் ஊர் ஏழைகள்” என்ற தலைப்பில் கூட்டம் வைத்தால் அவர்கள் எதிர்ப்பார்கள், ஏழைகளும் வரமாட்டார்கள். தலைப்பை மாற்றுங்கள். யார் வறியவர் என்று கேட்காமல், எந்த மாதத்தில், எதனால் கை இறுகுகிறது என்று கேளுங்கள். இந்தப் பதிலில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அதுதான். காரணங்கள் ஊருக்குப் பொதுவானவை, அவற்றைப் பகிரங்கமாகப் பேசலாம், பலகையில் எழுதலாம். பெயர்கள் தனிப்பட்டவை, அவை மூடிய கொப்பியில் இருக்க வேண்டும்.

இதைச் செய்ய ஒரு எளிய முறை உண்டு. ஒரு பெரிய தாளில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு மாதங்களையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருநாள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒருநாள், தோட்டக் கூலி வேலைக்குப் போகும் பெண்களோடு ஒருநாள் தனித்தனியாக உட்காருங்கள். எந்த மாதத்தில் வருமானம் வருகிறது, எந்த மாதத்தில் நிற்கிறது, எந்த மாதத்தில் செலவு குவிகிறது என்று அவர்களே சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவர்களுடைய குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். “இந்தப் பக்கத்தில் பொதுவாக எப்படி?” என்று கேட்டால் போதும், மனம் திறப்பார்கள்.

என்ன வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும். வாடைக் காற்று பலக்கும் கார்த்திகை, மார்கழியில் சிறு படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். வெங்காயம் நடும்போதும் பிடுங்கும்போதும் பெண்களுக்குக் கூலி இருக்கும், இடையில் இராது. மழை கூடினால் தோட்டம் வெள்ளத்தில் நிற்கும், கூலியும் போய்விடும். அடுத்து வரும் தையில் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்க வேண்டும், ரியூசன் காசு கட்ட வேண்டும், பொங்கலும் வரும். நுண்கடன் தவணை மட்டும் மழையையும் காற்றையும் பார்க்காமல் வாரந்தோறும் வாசலுக்கு வரும். இவை எல்லாம் ஒரே தாளில் வந்து விழும்போது, “உழைக்கிறவன் ஏன் கஷ்டப்படப் போகிறான்?” என்று கேட்ட பெரியவர் தானாகவே அமைதியாகிவிடுவார். இப்படி ஆனதை நான் கண்டிருக்கிறேன். கடற்கரைக் குடும்பங்களுக்கு 2022 ஓகஸ்டில் நடந்ததையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது. ஏற்கெனவே இந்திய இழுவைப் படகுகளால் வலை அறுந்து நட்டப்பட்டவர்களுக்கு, இயந்திரத்தைத் தொடக்கும் செலவே மீனின் விலையைத் தின்றுவிட்டது. கடலடியை வாரி மீன்பிடிக்கும் இந்த இழுவை மடித் தொழிலை இலங்கை 2017 இலேயே சட்டத்தால் தடைசெய்துவிட்டது. ஆனாலும் அந்தப் படகுகள் எல்லை தாண்டி வருவது இன்றும் நிற்கவில்லை. அறுந்த வலைக்குப் பதில் வலை வாங்கப் பட்ட கடனை ஒருவருடைய சோம்பல் என்று எவரும் சொல்ல முடியாது.

கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் வறுமையின் நடு முடிச்சு அதுதான் என்பது என் எண்ணம். வீட்டு வாசலுக்கு வந்து, அடைமானம் கேட்காமல், ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கு ஒருவரைப் பிணையாக்கிக் கொடுக்கும் கடன் முதலில் வரம்போலத் தெரியும். “24 வீத வட்டி” என்று சொல்வார்கள். ஆனால் ஒரு இலட்சம் ரூபாய் வாங்கி, வாரந்தோறும் முதல் தொகையில் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டு வரும்போதும், வட்டி மட்டும் கடைசி வாரம் வரை அந்த முழு ஒரு இலட்சத்துக்குமே கணக்கிடப்பட்டிருந்தால், உண்மையான வட்டி சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். இதை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. நீங்கள் ஆசிரியை. ஒரு மாலைப் பொழுதில் கரும்பலகையில் இந்தக் கணக்கைச் செய்து காட்டுங்கள். அதைவிடப் பெரிய விழிப்புணர்வுக் கூட்டம் எதுவுமில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனம், அதை அடைக்க நாட்கணக்கில் வட்டி ஏற்றும் மீற்றர் வட்டிக்காரர் என்று போய், தவணை நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பனங்காணிக்குள் ஒளிந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். நிலைமை அவ்வளவு மோசமானதால்தான் 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன் பெற்ற பெண்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அது அந்தக் கடன்களுக்கு மட்டுமே உதவியது. கடன் வாங்கத் தள்ளிய காரணம் அகலவில்லை.

இதற்கு மாற்று நம் ஊரிலேயே இருக்கிறது. உங்கள் கிராமத்தில் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பெயரளவிலாவது இருக்கும். பதிவேடு எங்கே, கடைசியாக எப்போது பொதுக்கூட்டம் நடந்தது என்று விசாரியுங்கள். உயிரோடு இருந்தால் அதில் பெண்களைச் சேருங்கள். உறங்கிக் கிடந்தால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் உத்தியோகத்தரை அழைத்து எழுப்புங்கள். உறுப்பினர்கள் சிறு சிறு தொகையாகச் சேமித்து, தங்களுக்குள் குறைந்த வட்டிக்குக் கடன் எடுப்பார்கள். வட்டியும் சங்கத்துக்குள்ளேயே தங்கும். கடலுக்குப் போக முடியாத மாதத்தில் தவணையைத் தள்ளிவைக்கச் சங்கத்தால் முடியும், வெளி நிறுவனத்தால் முடியாது. கனடாக் காசு வருமானால், அதில் பெரும்பங்கை இந்தச் சங்கத்தின் சுழற்சி நிதிக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பொதி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், சுழற்சி நிதி திரும்பி வரும். உங்களுக்குப் பக்கத்திலேயே மூளாயில் 1930களில் ஊர்மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே கட்டியெழுப்பினார்கள். மூத்தவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். ஊரின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு, ஊரின் பெயர் எதனால் உயர்ந்தது என்பது நன்றாகத் தெரியும். மரண உதவிச் சங்கத்தையும் நினைவூட்டுங்கள். ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் ஊர் சேர்ந்து செலவைச் சுமக்கிறது, அதை எவரும் பிச்சை என்று சொல்வதில்லை. நீங்கள் கேட்பதும் அதேதான், உயிரோடு இருப்பவர்களுக்காக.

அடுத்தது ஆவணங்கள். இதில் காசு தேவையில்லை, பொறுமை வேண்டும். வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும், 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும உதவித்தொகை கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகியவற்றில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துத் தரப்படுகிறது. 2025 இல் உயர்த்தப்பட்ட பிறகு மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய் வரையும், வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாய் வரையும் கிடைக்கிறது. நான் சொன்ன அந்தக் கல்வீடு இங்கேயும் குறுக்கே வருகிறது. வீட்டைப் பார்க்கும் படிவத்துக்கு வீட்டின் கடன் தெரிவதில்லை. பெயர் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் செய்ய வேண்டியவர்களில் பலர் செய்வதில்லை. படிவத்தைக் கண்டாலே அஞ்சுகிறார்கள், அடையாள அட்டையில் பெயர் ஒருவிதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருக்கிறது, இடம்பெயர்ந்தபோது தொலைந்த பத்திரம் மறுபடி எடுக்கப்படவில்லை, சங்கானைப் பிரதேச செயலகத்துக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். கணவர் காணாமற்போன பெண்களின் நிலை இன்னும் கடினம். மரணச் சான்றிதழ் எடுக்க அவர்களுக்கு மனம் வராது, எடுக்கச் சொல்ல நமக்கும் உரிமையில்லை. 2016 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்யும் சான்றிதழ் ஒன்றைப் பெற முடியும். அதைக் கொண்டு பல காரியங்களை நடத்தலாம். இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை மேசை ஒன்றில், உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, படிவம் நிரப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். கிராம அலுவலரையும் மாதத்தில் ஒருமுறை அங்கே வரச் சொல்லிக் கேளுங்கள். வருகிறவர் பத்திரிகை படிக்க வந்தாரா, படிவத்துக்கு வந்தாரா என்பது தெருவில் போகிறவருக்குத் தெரியாது. அதனால்தான் அந்த இடத்தைச் சொல்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லித் தரலாம், இருந்தாலும் ஒன்று. அரசின் பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவுக்கானது. தரம் 6 க்கு ஏறும் பிள்ளையின் பசி ஏறிய நாளோடு நின்றுவிடுவதில்லை. பாடசாலையை விட்டுப் பிள்ளைகள் மெல்ல விலகத் தொடங்குவதும் அதற்குப் பிந்திய வகுப்புகளில்தான். பழைய மாணவர் சங்கம் ஏதாவது செய்ய விரும்பினால், மேல் வகுப்புகளுக்கு ஒரு காலை உணவைக் கேளுங்கள். கஞ்சியோ அவித்த கடலையோ போதும், ஆனால் வகுப்பிலுள்ள எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். “வசதி குறைந்த பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்” என்று ஒருபோதும் நடக்கக்கூடாது. மேடையில் வரிசையாக நிறுத்திப் புத்தகப் பை கொடுத்துப் படமெடுக்கும் வழக்கத்தையும் உங்கள் பாடசாலையில் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள்.

வாழ்வாதார உதவி என்று வரும் தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, ஆடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே தெருவில் ஐந்து தையல் இயந்திரம் கொடுத்தால் ஐவருக்கும் வேலை இராது. கொடுப்பதற்கு முன்னர், யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு, தீனியும் பழுதுபார்ப்பும் யார் பொறுப்பு என்று அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பதில் வராத பொருளைக் கொடுக்க வேண்டாம்.

தங்கையே, நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது. கடற்கரைப் பக்கம், கோயில் காணியை ஒட்டிய குடியிருப்பு என்று இரண்டு இடங்களைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு இடங்களிலிருந்தும் உங்கள் நிலையத்தின் நிர்வாகக் குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நம் மாவட்டத்தில் சொந்தக் காணியில்லாதவர்கள் யார், இடம்பெயர்ந்தோர் முகாம்களில் கடைசிவரை தங்கியவர்கள் யார், வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து நிலம் விடுவிக்கப்பட்டபோதும் திரும்பிப் போக இடமில்லாதவர்கள் யார் என்று பார்த்தால், அங்கே சாதி நிற்கிறது. இதை மறைத்துக்கொண்டு வறுமையைப் பற்றிப் பேசுவதில் நேர்மை இல்லை. உதவி செய்வோர் ஒரு பக்கத்திலும், கைநீட்டி வாங்குவோர் இன்னொரு பக்கத்திலும் பழைய ஒழுங்கிலேயே உட்கார்ந்தால், அந்தக் கூட்டம் பழைய அவமானத்தைப் புதுப்பிக்கும். ஆகவே கூட்டம் கூட்டும் குழுவிலேயே அந்தக் குடியிருப்புகளின் ஆட்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். காசோலையில் கையெழுத்திடும் மூவரில் ஒருவர் அங்கிருந்து வரவேண்டும். இதற்கு உங்கள் மூத்தவர்களில் சிலர் இணங்கமாட்டார்கள். இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெயர்க் கொப்பியைப் பற்றி: அதை மூவருக்கு மேல் பார்க்கக்கூடாது. உதவி பெற்ற குடும்பம் எதுவென்று கணக்கறிக்கையில் இலக்கத்தால் மட்டும் குறிப்பிடுங்கள். பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுவது, வீட்டில் அடி உதை நடப்பது போன்றவை உங்கள் காதுக்கு வந்தால் அதைக் கொப்பிக்குள் வைத்திருக்கக்கூடாது. 16 வயது வரை கல்வி கட்டாயம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது சிறுவருக்கான 1929, பெண்களுக்கான 1938 இலக்கங்களுக்கு அழையுங்கள்.

கூட்டத்தை ஐப்பசிக்கு முன்னர் வைத்துவிடுங்கள். மழை தொடங்கிவிட்டால் கடற்கரைப் பக்கத்தார் வரமாட்டார்கள், சங்கத்தின் நிதியிலிருந்து மார்கழிக்குக் கடன் ஒழுங்குசெய்யவும் நேரம் போதாது. நேரத்தை மாலை ஐந்து மணிக்குப் பிறகு வையுங்கள், கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பி ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வர அவகாசம் இருக்கட்டும். அந்தப் பன்னிரண்டு மாதத் தாளை நீங்கள் விளக்க வேண்டாம். அதைச் சொல்லி எழுதுவித்த பெண்களில் ஒருவரே எழுந்து விளக்கட்டும்.

அன்புடன்,
சமூகப் பணி ஆலோசகர்